நீலப் பழமும் நம் முற்றத்துக் கொய்யாவும்



சம்பளம் போட்ட மறுநாள் செம்பனைக் குலை வெட்டும் தம்பி ஒருவர் கிளினிக்குக்கு வந்தார். காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா. அதற்குள்ளே கோலிக்குண்டைவிடச் சின்னதாக, கருநீல நிறத்தில் பழங்கள்.

"டிரசர் ஐயா, இது புளூபெரியாம். என் மகள் கைப்பேசியில பார்த்துட்டு ஒரு வாரமாக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. மூளைக்கு நல்லது, கண்ணுக்கு நல்லது, இனிப்பு நீரே வராதுன்னு சொல்றாங்க. பன்னிரண்டு வெள்ளி கொடுத்து வாங்கினேன். உண்மைதானா?"

நல்ல கேள்வி. பலபேர் மனத்தில் இருக்கும் கேள்வியும்கூட. ஆகவே இந்த மாதம் அந்தப் பழத்தைப் பற்றியே எழுதலாம் என்று தீர்மானித்தேன். இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை.

இது எங்கிருந்து வந்த பழம்?

புளூபெரி வட அமெரிக்காவின் காட்டுச் செடி. அங்குள்ள பூர்வகுடி மக்கள் பல தலைமுறைகளாக அதைப் பறித்துத் தின்றார்கள். குளிர்காலத்துக்காக வெயிலில் உலர்த்தியும் வைத்துக்கொண்டார்கள். தோட்டப் பயிராக அது வளரத் தொடங்கி நூறு ஆண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது.

அமெரிக்க விவசாயத் துறையில் தாவர ஆராய்ச்சி செய்துவந்த ஃபிரெடரிக் கோவில் என்பவர், இந்தச் செடி புளிப்புத் தன்மையுள்ள மண்ணில்தான் தழைக்கும், குளிர் படாவிட்டால் சரியாகத் துளிர்க்காது என்று கண்டுபிடித்தார். 1910இல் அதைப் பற்றி எழுதினார். அதைப் படித்த எலிசபெத் வைட் என்ற பெண்மணி 1911இல் அவரோடு சேர்ந்து வேலையைத் தொடங்கினார். அவருடைய தந்தைக்கு நியூ ஜெர்சி மாநிலத்தில் கிரான்பெரித் தோட்டம் இருந்தது.

இதில் நம் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எந்தக் காட்டுச் செடியில் பெரிய பழம் காய்க்கிறது என்று ஆராய்ச்சிக்காரருக்கோ தோட்டத்து எசமானியம்மாளுக்கோ தெரியாது. காட்டில் அலைந்து பழம் பறிக்கும் உள்ளூர் ஏழை மக்களுக்குத்தான் தெரியும். எலிசபெத் வைட் அவர்களிடம் பழத்தை அளக்கும் கருவியைக் கொடுத்து, பெரிய பழம் காய்க்கும் செடியைக் காட்டுகிறவருக்குப் பணம் தந்தார். கண்டுபிடித்தவரின் பெயரையே செடிக்கும் வைத்தார். ரூப் லீக் என்பவர் காட்டிய செடிதான் இன்றும் 'ரூபல்' என்ற பெயரில் பயிராகிறது. 1916இல் முதல் விளைச்சல் சந்தைக்குப் போனது. உடல் உழைப்பாளியின் அறிவும் ஆராய்ச்சிக்கு மூலதனம்தான் என்பதற்கு இது நல்ல சாட்சி.

இன்று பெரு, அமெரிக்கா, தென் ஆப்பிரிக்கா போன்ற நாடுகளில் விளைந்து, குளிர்சாதனப் பெட்டியில் அடைபட்டுப் பல ஆயிரம் மைல் கடந்து வருவதால்தான் இத்தனை விலை. பழத்தின் குணத்துக்காக மட்டும் நாம் பணம் கொடுக்கவில்லை. பயணச் செலவும் அதில் சேர்ந்திருக்கிறது.

அதற்குள்ளே என்ன இருக்கிறது?

நூறு கிராம் புளூபெரியில் 84 கிராம் தண்ணீர். சர்க்கரை சுமார் 10 கிராம். நார்ச்சத்து 2.4 கிராம். 'சி' வைட்டமின் ஏறக்குறைய 10 மில்லிகிராம். கொஞ்சம் 'கே' வைட்டமினும் மாங்கனீசும் உண்டு. 57 கலோரி. கொழுப்பு அநேகமாக இல்லை.

இந்தக் கணக்கைப் பார்த்தால் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் பழத்தின் நீல நிறம் இருக்கிறதே, அதில்தான் விசேஷம். அந்தச் சாயத்துக்கு அந்தோசயனின் என்று பெயர். நாவல் பழத்தைத் தின்றால் நாக்கு ஊதாவாகிறதே, அதற்கும் இதே வகைச் சாயம்தான் காரணம். இரத்தக் குழாய்கள் இறுகிப்போகாமல் நெகிழ்ந்து கொடுக்க இந்தச் சத்து உதவுகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

மூன்று ஆராய்ச்சிகளை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று: அமெரிக்காவில் 93,600 பெண் தாதியரைப் பதினெட்டு ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் ஸ்ட்ராபெரி, புளூபெரி சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. இது 2013இல் வெளியானது.

இரண்டு: அதே 2013இல் இன்னொன்று வந்தது. மருத்துவத் துறையில் வேலை செய்த 1,87,000க்கும் அதிகமானவர்களின் கணக்கு. புளூபெரி, திராட்சை, ஆப்பிள் போன்றவற்றை முழுப் பழமாகச் சாப்பிட்டவர்களுக்கு நீரிழிவு வருவது குறைவு. பழத்தைச் சாறாக்கிக் குடித்தவர்களுக்கோ நீரிழிவு கொஞ்சம் அதிகம்! இதை அடிக்கோடிட்டு வையுங்கள். பழம் ஒன்று, பழச்சாறு வேறு.

மூன்று: 2019இல் இங்கிலாந்தில் நடந்த சோதனை. உடல் பருமனும் இரத்தக் கொதிப்பும் போன்ற கோளாறுகள் சேர்ந்திருந்தவர்களுக்கு ஆறு மாதம் தினமும் ஒரு கிண்ணம், அதாவது 150 கிராம் புளூபெரிக்குச் சமமான தூளைக் கொடுத்தார்கள். இரத்தக் குழாய்களின் வேலை சீரானது. ஆனால் இன்சுலின் சரியாக வேலை செய்யாத கோளாறு அப்படியே இருந்தது. பாதி அளவு சாப்பிட்டவர்களுக்கு இரத்தக் குழாயிலும் குறிப்பிடத்தக்க பலன் இல்லை.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? புளூபெரி நல்ல பழம். இருதயத்துக்கும் இரத்தக் குழாய்க்கும் உதவக்கூடியது. ஆனால் அது மருந்து அல்ல. முதல் இரண்டு ஆராய்ச்சிகளிலும் இன்னொன்றை யோசிக்க வேண்டும். வாரம் மூன்று தடவை அந்தப் பழம் வாங்கக் கூடியவர் பெரும்பாலும் வசதியுள்ளவர். நடைப்பயிற்சி செய்கிறவராக, ஒழுங்காக மருத்துவரைப் பார்க்கிறவராகவும் இருக்கலாம். நன்மை முழுவதையும் பழத்தின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. கண்புரையைக் கரைக்கும், கண்ணாடியைத் தூக்கிப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நான் செய்த தவறு

இப்போது அந்த இன்னொரு காரணம்.

எங்கள் தோட்டத்தில் உரம் போடும் வேலை செய்யும் அக்கா ஒருவர். வயது ஐம்பத்தைந்து. பல வருடமாக இனிப்பு நீர். ஒரு நாள் காலையில் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து காட்டினார். "டிரசர் தம்பி, இது புளூபெரி தூளாம். காலையிலயும் ராத்திரியும் தண்ணியில கலக்கிக் குடிக்கணுமாம். குடிக்கலாமா?"

அன்றைக்கு வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். நான் பொட்டலத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "பழம்தானே அக்கா, குடிங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான்கு மாதம் கழித்துக் காலில் புண்ணோடு வந்தார். பூட்ஸ் கடித்த புண், ஆறவே இல்லை. விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை 22க்கு மேல் இருந்தது. சாப்பிடுவதற்கு முன்னால் 7 என்று வந்தாலே எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். "மாத்திரை போடுறீங்களா அக்கா?" என்று கேட்டேன். "தூள் குடிக்கிறப்ப மாத்திரை எதுக்குன்னு வித்தவங்க சொன்னாங்க தம்பி. நீங்களும் குடிக்கச் சொன்னீங்களே" என்றார்.

நான் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் நிறுத்தாதே என்றும் சொல்லவில்லையே! மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இரண்டு கால் விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

பிறகு அந்தப் பொட்டலத்தை எடுத்துப் படித்தேன். சேர்மானப் பட்டியலில் முதலில் நின்றது சர்க்கரை. புளூபெரி கடைசிக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அரை நிமிடம் செலவழித்துப் படித்திருந்தால் அந்த அக்காவுக்கு இரண்டு விரல்கள் மிஞ்சியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். "எழுதுங்க தம்பி, மத்தவங்களாவது தெரிஞ்சுக்கட்டும்" என்று அவரே சொன்னதால்தான் இங்கே எழுதுகிறேன்.

பொட்டலத்தைப் படிப்பது எப்படி?

பழத்தின் பெயரைச் சொல்லித் தூள், சாறு, மாத்திரை என்று லயத்துக்கே கொண்டுவந்து விற்கிறார்கள். தவணை முறையிலும் கொடுக்கிறார்கள். வாங்கும் முன் மூன்று காரியம் செய்யுங்கள்.

முதலாவது, சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது நம் நாட்டு உணவு விதி. முதல் மூன்று பெயருக்குள் சர்க்கரை, குளுக்கோஸ், மால்டோடெக்ஸ்டிரின் என்று இருந்தால் அது இனிப்புத் தூள், பழத் தூள் அல்ல. மலாயோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கொடுங்கள்.

இரண்டாவது, "இனிப்பு நீரைக் குணமாக்கும்" என்று விளம்பரம் செய்தால் உஷாராகுங்கள். நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இருக்கிறது. நீரிழிவைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை அந்தச் சட்டம் தடுக்கிறது. அப்படிச் சொல்லி விற்கிறவர் உங்கள் உடம்பையும் மதிக்கவில்லை, சட்டத்தையும் மதிக்கவில்லை.

மூன்றாவது, யார் சொன்னாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். விற்கிறவர் சொன்னாலும், பக்கத்து வீட்டார் சொன்னாலும், கைப்பேசியில் வந்தாலும் சரி. மாத்திரையைக் குறைப்பதும் கூட்டுவதும் டாக்டர் வேலை. நாவல் கொட்டைத் தூள் குடிப்பவர்களுக்கும் இதே வார்த்தைதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 சதவீதம். பெரட்டுக்களத்தில் பத்துப் பேர் நின்றால் மூன்று பேருக்கு! அதே ஆய்வில் பெரியவர்களில் நூற்றுக்கு 95 பேர் போதுமான பழமும் காய்கறியும் சாப்பிடவில்லை என்றும் தெரியவந்தது. நம்முடைய குறை புளூபெரி சாப்பிடாதது அல்ல. எந்தப் பழமும் சரியாகச் சாப்பிடாததுதான் குறை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

2025 பிப்ரவரி முதல் நாள் தொடங்கி நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை என்றால் நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. எட்டு மணி நேரத்தில் வகுத்தால் மணிக்கு எட்டு வெள்ளி சொச்சம். அந்தத் தம்பி வாங்கிய 125 கிராம் டப்பா பன்னிரண்டு வெள்ளி. ஏறக்குறைய ஒன்றரை மணி நேர வியர்வை! நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு கைப்பிடிகூட வராது.

அதே காசுக்கு இரவுச் சந்தையில் கொய்யா ஒரு கிலோவுக்கு மேலேயே கிடைக்கும். சில வீடுகளில் முற்றத்திலேயே மரம் நிற்கிறது. பழம் கீழே விழுந்து வெளவாலுக்கும் எறும்புக்கும் போகிறது. முற்றத்து முல்லைக்கு மணமில்லை என்று சும்மாவா சொன்னார்கள்?

நூறு கிராம் கொய்யாவில் 'சி' வைட்டமின் 200 மில்லிகிராமுக்கு மேல். வகையைப் பொறுத்துக் கூடக் குறைய இருக்கலாம். புளூபெரியில் இருப்பது 10. ஒரு பெரிய ஆளுக்கு நாளொன்றுக்குத் தேவை 70. ஆக, பாதிக் கொய்யாவே ஒரு நாள் தேவையை நிறைவு செய்துவிடும். நார்ச்சத்தும் 5.4 கிராம், புளூபெரியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். சர்க்கரை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பப்பாளியும் சளைத்ததல்ல. நூறு கிராமில் 60 மில்லிகிராம் 'சி' வைட்டமின், கண்ணுக்கு வேண்டிய 'ஏ' வைட்டமினாக மாறும் சத்தும் உண்டு.

"அந்த நீலச் சாயம் கொய்யாவில் இல்லையே ஐயா?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அதற்கும் நம்மிடம் வழி இருக்கிறது. நாவல் பழம், கறுப்புத் திராட்சை, ஊதா வள்ளிக்கிழங்கு, ஊதா முட்டைக்கோஸ், புலுட் ஹீத்தாம் என்னும் கறுப்புப் புட்டரிசி, கத்தரிக்காயின் ஊதாத் தோல், வேலியில் படரும் சங்குப்பூ, இவை எல்லாவற்றிலும் அந்தோசயனின் வகைச் சாயம் உண்டு. கிளந்தான் மக்கள் நாசி கெராபு சோற்றுக்கு நீல நிறம் ஏற்றுவது சங்குப்பூவில்தான். கிழங்கும் அரிசியும் மாவுப் பண்டம் என்பதால் இனிப்பு நீர்க்காரர்கள் சோற்றைக் குறைத்துக்கொண்டு அளவாகச் சாப்பிட வேண்டும். பீட்ரூட்டும் சிவப்பு டிராகன் பழமும் நிறத்தில் இப்படித் தோன்றினாலும் அந்தச் சாயம் வேறு வகை.

பெண்களுக்கு ஒரு தனிச் செய்தி

தாய்மார்களில் பலர் தலை சுற்றல், மூச்சு வாங்கல், உடம்பு அசதி என்று வருகிறார்கள். கீழ் இமையைப் பிரித்துப் பார்த்தால் வெளுத்திருக்கிறது. இரத்தச் சோகை. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர 'சி' வைட்டமின் துணை வேண்டும். சோறும் கீரையும் சாப்பிட்டு, கூடவே நாலு துண்டு கொய்யா சாப்பிட்டால் அந்த இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அது இரும்பைச் சேரவிடாது. தேத்தண்ணிக்கு ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். பழம் முழுவதையும் பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் வைத்துவிட்டு, நீங்கள் தட்டைக் கழுவப் போய்விடாதீர்கள். உங்கள் பங்கையும் எடுத்து வையுங்கள்.

காட்டுப் பழம் பறிக்கும் பிள்ளைகள்

செண்டுடுக் செடி எல்லோருக்கும் தெரியும். ஊதாப் பூ பூக்கும். பழம் வெடித்தால் உள்ளே கருநீலமாக இருக்கும். தின்றால் நாக்கு மை பூசியது போலாகிவிடும். நம் தலைமுறையில் அதைத் தின்னாத பிள்ளை உண்டா? அதுதான் நமக்குக் கிடைத்த இலவச நீலப் பழம். தின்னத் தகாத பழம் அல்ல அது.

ஆனால் செம்பனை வரிசையில் அதுவே களை. களைக்கொல்லி அடிப்பது அதன்மேல்தான். மருந்து அடித்த செடி வாட நாளாகும். அதுவரையில் பழம் பார்வைக்குப் பளபளவென்றே இருக்கும். பிள்ளைக்கு என்ன தெரியும்? பாரகுவாட் என்ற கொடிய மருந்துக்கு 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டில் தடை. இருந்தாலும் மற்ற மருந்துகளையும் பால் மாதிரி நினைத்துவிடக் கூடாது.

ஆகவே மருந்து அடிக்கும் காட்டிலும், சாலை ஓரத்திலும், கால்வாய் கரையிலும் எந்தப் பழத்தையும் பறிக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். மருந்து அடிக்கும் தோழர்கள் எந்த இடத்தில் அடித்தோம் என்று அன்று மாலையே லயத்தில் சொல்லிவிடுவது பெரிய புண்ணியம். மருந்து வந்த காலி டின்னில் பழமோ தண்ணீரோ வைக்கவே கூடாது, எத்தனை முறை கழுவினாலும் சரி. பிள்ளைக்கு வாந்தி, வயிற்று வலி, வாயில் எரிச்சல் என்றால் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடி வாருங்கள். மருந்து டின்னின் சீட்டையும் கையோடு கொண்டுவாருங்கள். வைத்தியம் செய்ய அது மிகவும் உதவும்.

எப்படிச் சாப்பிடலாம்?

புளூபெரி வாங்கிவிட்டீர்கள் என்றால் அதையும் சரியாகச் சாப்பிடத் தெரிந்துகொள்ளுங்கள்.

பழத்தின் மேல் வெள்ளையாகச் சாம்பல் பூத்தது போலிருக்கும். பயப்பட வேண்டாம், அது பழத்துக்கு இயற்கையாக உள்ள மெழுகு. வாங்கியவுடன் கழுவி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். கழுவாமல் ஐஸ் பெட்டியில் வைத்து, சாப்பிடும் நேரத்தில் கழுவுங்கள். நசுங்கியதைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். உறைய வைத்து விற்கும் பழத்திலும் சத்து அதிகம் போய்விடுவதில்லை. அது மலிவாகக் கிடைத்தால் அதையே வாங்கலாம்.

இனிப்புப் போடாத தயிரில் ஒரு கைப்பிடி போட்டுச் சாப்பிடலாம். ஓட்ஸ் கஞ்சியிலோ கேப்பைக் கஞ்சியிலோ ஆறிய பிறகு கலக்கலாம். வெள்ளரிக்காயோடு தயிர்ப் பச்சடியாகவும் நன்றாயிருக்கும். கெட்டிப் பாலும் சீனியும் சேர்த்து அடித்துக் குடித்தால் பழத்தின் பெயரில் சீனிதான் குடிக்கிறோம்.

ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு உருண்டையாகக் கொடுக்கவே கூடாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நாலாக வெட்டிக் கொடுங்கள். திராட்சைக்கும் இதே எச்சரிக்கை. நிறையச் சாப்பிட்ட மறுநாள் மலம் கறுப்பாகப் போகலாம், பயம் இல்லை. ஆனால் பழம் எதுவும் சாப்பிடாமல், இரும்புச் சத்து மாத்திரையும் போடாமல், தார் போல ஒட்டும் கறுப்பாக நாற்றத்தோடு போனால் அது வயிற்றில் இரத்தக் கசிவாக இருக்கலாம். உடனே வாருங்கள்.

கொய்யாவுக்கு வருவோம். நன்றாகக் கழுவித் தோலோடு சாப்பிடுங்கள். நம் ஆட்கள் வெட்டியவுடன் ஆசாம் போய் தூளைக் கொட்டுவார்கள். அதில் உப்பும் இனிப்பும் சேர்ந்திருக்கிறது. இரத்தக் கொதிப்புக்காரருக்கு அது ஆகாது. கொஞ்சம் மிளகுத் தூளும் எலுமிச்சைச் சாறும் போதும், நாக்குக்கு ருசியாக இருக்கும். காயாக இருந்தால் வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்துச் சம்பலாகவும் செய்யலாம். காலையில் வெளிக்காட்டுக்குப் போகும்போது சாப்பாட்டு டப்பாவில் நாலு துண்டு வைத்துக்கொண்டால், பத்து மணிக்குக் கேக்கும் ரொட்டியும் தேட வேண்டியதில்லை.

எல்லோருக்கும் ஒரே பழம் பொருந்தாது

இனிப்பு நீர் உள்ளவர்கள் பழத்தை விட்டுவிட வேண்டியதில்லை. அளவு முக்கியம். ஒரு வேளைக்குப் பாதிக் கொய்யா, அல்லது ஒரு துண்டு பப்பாளி, அல்லது முக்கால் கிண்ணம் புளூபெரி. மூன்றில் ஒன்றுதான், மூன்றும் அல்ல! நாளுக்கு இரண்டு வேளை போதும். சாறாக வேண்டாம், கடித்துச் சாப்பிடுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் மேலே நான் கொய்யாவைப் புகழ்ந்ததை அப்படியே பின்பற்றிவிட வேண்டாம். கொய்யா, வாழைப்பழம் இவற்றில் பொட்டாசியம் என்ற உப்பு அதிகம். கெட்டுப்போன சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது, இருதயத்தையே அது பாதிக்கும். நூறு கிராம் கொய்யாவில் 400 மில்லிகிராமுக்கு மேல். புளூபெரியில் 77தான். இங்கேதான் புளூபெரிக்கு உண்மையான மரியாதை. ஆப்பிளும் அப்படிப் பொட்டாசியம் குறைந்த பழம்தான். எதையும் உங்கள் டாக்டரிடம் கேட்டு அளவோடு சாப்பிடுங்கள். பெலிம்பிங் என்னும் நட்சத்திரப் பழத்தை மட்டும் சிறுநீரக நோயாளிகள் தொடவே கூடாது. விக்கலில் தொடங்கி உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

மனத்தில் வைக்க வேண்டியவை

1. புளூபெரி நல்ல பழம், ஆனால் மருந்து அல்ல.

2. நாளுக்கு இரண்டு வேளை பழம், மூன்று வேளை காய்கறி. தட்டில் பாதி காயும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு.

3. விலை உயர்ந்த பழம்தான் உயர்ந்த பழம் என்று எண்ண வேண்டாம்.

4. பொட்டலத்தில் வருவதைப் படித்துப் பார்க்காமல் குடிக்க வேண்டாம்.

5. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

6. மருந்து அடித்த இடத்துப் பழம் வேண்டாம்.

அந்தத் தம்பியிடம் நான் சொன்னது இதுதான்: "வாங்கிட்டீங்க, பிள்ளைக்குக் கொடுங்க. ஆசையாக் கேட்டுச்சு, நல்ல பழம்தான். அடுத்த தடவை மாசத்துல ஒரு நாள், பிறந்தநாளுக்குன்னு வச்சுக்குங்க. மத்த நாள் பூரா கொய்யாவும் பப்பாளியும் கொடுங்க." அவர் சிரித்துக்கொண்டே, "எங்க வீட்டுப் பின்னாலேயே மரம் நிக்குது ஐயா" என்றார்.

அந்த உரம் போடும் அக்கா இப்போது மாதம் தவறாமல் மாத்திரை வாங்க வருகிறார். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போன வாரம் ஒரு பை நிறையக் கொய்யா கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "இதையாவது படிச்சுப் பாருங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்போதெல்லாம் யார் எந்தப் பொட்டலத்தைக் கொண்டுவந்தாலும், வெளியே எத்தனை பேர் நின்றாலும், கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்த பிறகுதான் பதில் சொல்கிறேன். கொண்டுவந்து காட்ட வெட்கப்படாதீர்கள், தோழர்களே. கேட்பதற்குக் காசு இல்லை.

அடுத்த மாதம் சந்திப்போம். வணக்கம்.